தம்பி என்றால் மணிக்கு எவ்வளவு?

மெல்பர்னுக்குப் படிக்க வந்த புதிதில், 2014 ஆகஸ்டில், ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். நகரின் தென்கிழக்குப் பக்கம். முதலாளி நம்ம ஆள், தமிழ் பேசுகிறவர். என் அப்பா பெயரைக் கேட்டார், திருச்சியில் எந்தப் பக்கம் என்று கேட்டார், அப்புறம் "நாளைக்கே வந்துடு தம்பி" என்றார். சம்பளம் மணிக்கு 10 டாலர், கையில் கேஷ். பேஸ்லிப், அதாவது சம்பளச் சீட்டு, என்ற சொல்லே அங்கே யார் வாயிலும் வராது. இரவு கடையைச் சாத்தும்போது மிச்சமிருக்கும் பிரியாணியை டப்பாவில் போட்டுக் கொடுப்பார். "வெறும் வயித்தோட படுக்காத." அந்த டப்பாவை நினைத்தால் இன்றைக்கும் அவரைப் பற்றி முழு மனதாகத் திட்ட வரவில்லை.

அந்த வருஷம் ஆஸ்திரேலியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.87 டாலர். என்னைப் போல் கேஷுவலாக, அதாவது நிரந்தரமில்லாமல் மணிக்கணக்கில், வேலை பார்ப்பவருக்கு அதற்கு மேல் 25 சதவீதம் சேரும். அதாவது 21.09. ஞாயிற்றுக்கிழமை அதைவிட அதிகம், பொது விடுமுறை நாளில் இன்னும் அதிகம். ஞாயிறுக் கணக்கையெல்லாம் விட்டுவிட்டாலும், நான் உழைத்த ஒவ்வொரு மணிக்கும் 11 டாலர் அவர் கல்லாவிலேயே தங்கியது. வாரத்துக்கு 25 மணி நேரம், 46 வாரம். 12,000 டாலருக்கு மேல் போயிற்று. அவ்வளவு விலைக்கு நான் வேறெங்கும் பிரியாணி சாப்பிட்டதில்லை.

ஏன் கேட்கவில்லை என்று என் மனைவி இன்றும் கேட்பாள். எனக்கு 21.09 தெரியாது. ஆனால் 40 நன்றாகத் தெரியும். மாணவர் விசாவில் அப்போது இரண்டு வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. நான் 50 செய்துகொண்டிருந்தேன். அதனால் சட்டம் என்றாலே என்னைப் பிடிக்க வரும் ஒன்றாகத்தான் என் மனதில் இருந்தது. முதலாளிக்கும் அது தெரியும். ஒருமுறை ஞாயிற்றுக்கிழமைக்குக் கூடுதலாகக் கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டபோது, வெங்காயம் நறுக்கிக்கொண்டே சிரித்தார். "உனக்கு எத்தனை மணி நேரம் அலவுன்னு தெரியும்ல தம்பி? நாம ரெண்டு பேருமே பார்த்து நடந்துக்கணும்." அவ்வளவுதான். மிரட்டல் என்று சொல்ல முடியாது. ஆனால் மறுபடி நான் கேட்கவில்லை.

அந்த வேலையை விட்ட இரண்டு மாதத்தில், 2015 ஆகஸ்ட் கடைசியில், ஏபிசி தொலைக்காட்சியும் ஃபேர்ஃபாக்ஸ் பத்திரிகைகளும் செவன் இலெவன் என்ற சங்கிலிக் கடைகளில் நடந்த கூலிச் சுரண்டலைப் பற்றிய செய்தியை வெளியிட்டன. நான் இருந்த வாடகை வீட்டின் கூடத்தில் ஆறு பேர் உட்கார்ந்து பார்த்தோம். ஆறு பேரும் மாணவர்கள். 40 மணி நேரம் வேலை வாங்கிவிட்டு 20 மணி நேரம் என்று எழுதுவது, அப்போது காகிதத்தில் மணிக்கூலி சரியாகத் தெரியும். அல்லது வங்கியில் முழுச் சம்பளத்தைப் போட்டுவிட்டு, பாதியைக் கையில் திரும்ப வாங்கிக்கொள்வது. எதிர்த்துப் பேசினால் விசா. திரையில் வந்த ஒவ்வொரு சூத்திரத்துக்கும் எங்களில் யாராவது ஒருவர் தலையாட்டினார். பிற்பாடு அந்தத் தொழிலாளர்களுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்ட தொகை 15 கோடி டாலரைத் தாண்டியது.

அந்த விவகாரத்தால் 2017இல் சட்டம் மாறியது. சம்பளத்தைப் போட்டுவிட்டுத் திரும்பக் கேட்பது வெளிப்படையாகத் தடை செய்யப்பட்டது. அதைவிடப் பெரிதாக எனக்குப் படுவது வேறொன்று. முதலாளி பேஸ்லிப் தரவில்லை, வேலை நேரக் கணக்கு வைத்திருக்கவில்லை என்றால், வழக்கில் தொழிலாளி சொல்லும் கணக்கு தவறு என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முதலாளி தலையில் விழும். காகிதம் இல்லாமல் வேலை வாங்குவது முதலாளிக்குப் பாதுகாப்பு என்று நாங்கள் நினைத்திருந்தோம். இப்போது அதுவே அவர் கழுத்துக்குச் சுருக்கு.

விசா பயத்துக்கும் பதில் வந்தது, ரொம்பத் தாமதமாக. ஒருவர் எந்த விசாவில் இருந்தாலும், அதன் விதியை மீறியிருந்தாலும், செய்த வேலைக்கான கூலியும் உரிமையும் போகாது என்று 2023 ஜூலையிலிருந்து ஃபேர் வொர்க் என்ற தொழிலாளர் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். விசாவைக் காட்டி ஒருவரை அடிமாட்டுக் கூலிக்கு வேலை வாங்குவது 2024 ஜூலையிலிருந்து குற்றம். சுரண்டப்பட்டவர் தங்கியிருந்து வழக்கை நடத்துவதற்கென்றே ஒரு தற்காலிக விசாவும் அதே மாதம் வந்தது. மாணவர்களின் வரம்பும் இப்போது இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சிரித்தவருக்கு இன்றைக்கு அந்தச் சிரிப்பு செல்லாது.

நானும் என் பங்குக்கு ஒரு நாள் கணக்குப் பார்க்க உட்கார்ந்தேன். 2022இல் வீடு மாறும்போது பழைய நோட்டு ஒன்று கிடைத்தது. தேதி வாரியாக எத்தனை மணிக்கு உள்ளே போனேன், எத்தனை மணிக்கு வெளியே வந்தேன் என்று என் கையெழுத்தில் இருந்தது. கேட்பதற்காக எழுதியதல்ல, வாரக் கடைசியில் காசு எண்ணும்போது ஏமாந்துவிடக் கூடாது என்று எழுதியது. அருமையான சாட்சி. ஆனால் குறைவாகக் கொடுத்த சம்பளத்தைக் கேட்க ஆறு வருஷக் கெடு. முடிந்து ஓராண்டு ஆகியிருந்தது.

நாங்கள் குடிபோன இடம் சன்ஷைன். மெல்பர்னின் மேற்கே, வியட்நாமியக் கடைகளும் நம்ம ஊர் மளிகைக் கடைகளும் நிறைந்த ஊர். ஒரு குடும்பம் வாழப் போதுமான கூலி என்ற எண்ணத்துக்கு இந்த நாட்டில் இதுதான் பிறந்த வீடு என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. ஹியூ மெக்கே என்பவர் இங்கே அறுவடை இயந்திரத் தொழிற்சாலை வைத்திருந்தார். தொழிலாளருக்கு நியாயமான கூலி தந்தால் உற்பத்தி வரி கிடையாது என்று அரசு ஒரு சட்டம் போட்டிருந்தது. எனக்கு வரி வேண்டாம் என்று அவர் விண்ணப்பித்தார். நியாயமான கூலி என்றால் எவ்வளவு என்ற கேள்வி 1907இல் நீதிபதி ஹிக்கின்ஸ் முன்னால் வந்தது. ஹிக்கின்ஸ் தொழிற்சாலையின் லாப நட்டத்தைப் பார்க்கவில்லை. வீட்டு வாடகை என்ன, ரொட்டி என்ன விலை, விறகு என்ன விலை என்று குடும்பச் செலவைக் கேட்டார். கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள் மனிதராக வாழ நாளுக்கு 7 ஷில்லிங் வேண்டும் என்றார். அந்தச் சட்டம் அடுத்த ஆண்டே உயர் நீதிமன்றத்தில் விழுந்துவிட்டது. 7 ஷில்லிங் விழவில்லை.

எனக்கு இந்தக் கதை பிடிக்கும், ஒரு முணுமுணுப்போடு. அந்தக் குடும்பத்தில் சம்பாதிப்பது ஆண் மட்டும். பெண்ணுக்கு அதில் பாதியைச் சற்றே தாண்டிய கூலிதான் நெடுங்காலம். சம வேலைக்குச் சமக் கூலி என்ற தீர்ப்புகள் 1969இலும் 1972இலும்தான் வந்தன. வடக்கே மாட்டுப் பண்ணைகளில் உழைத்த பூர்வகுடி மக்கள் இந்தக் கணக்கிலேயே வரவில்லை. 1966இல் வேவ் ஹில் பண்ணையை விட்டு வின்சென்ட் லிங்கியாரியும் குரிஞ்சி மக்களும் வெளிநடப்புச் செய்தார்கள். முதலில் கூலி, பிறகு நிலமே எங்களுடையது என்றார்கள். சட்டம் யாரைத் தொழிலாளி என்று எண்ணுகிறது என்ற கேள்விக்கு இந்த நாட்டில் வயது அதிகம். அந்த வரிசையின் வாலில் எங்கோ நானும் பிரியாணி டப்பாவோடு நின்றிருக்கிறேன்.

சரி, என் அக்கா மகன் விஷயத்துக்கு வருகிறேன். 2025 பிப்ரவரியில் படிக்க வந்தான். மார்ச்சில் ஒரு காபிக் கடையில் சேர்ந்தான். ஜூன் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவன், சாம்பாரைப் பிசைந்துகொண்டே சொன்னான், "மாமா, எனக்கு மணிக்கு 18 தர்றாங்க. முதல் மூணு நாள் ட்ரயல், அதுக்கு எதுவும் இல்ல."

"பேஸ்லிப்?"

"அதெல்லாம் இல்ல மாமா. ஏபிஎன் எடுக்கச் சொன்னாங்க. நான் கான்ட்ராக்டராம்." ஏபிஎன் என்பது சொந்தத் தொழில் செய்பவர் வாங்கும் எண்.

"காபி மெஷின் உன்னோடதா?"

"மாமா..."

"இல்லடா, கேக்கிறேன். எத்தனை மணிக்கு வரணும்னு யார் சொல்றது? நீ போக முடியலன்னா உனக்குப் பதிலா வேற ஆளை அனுப்பலாமா?"

"அவர்தான் ரோஸ்டர் போடுவார். நான் எப்படி வேற ஆளை அனுப்ப முடியும்?"

சட்டம் கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான். காகிதத்தில் என்ன பெயர் என்பதைவிட உள்ளபடி வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்று 2024 ஆகஸ்டிலிருந்து சட்டத்திலேயே இருக்கிறது. தொழிலாளியாக இருப்பவனைக் கான்ட்ராக்டர் என்று சொல்லி ஏபிஎன் எடுக்க வைப்பது தனிச் சட்டமீறல். ட்ரயல் என்றால் காபி போடத் தெரியுமா என்று பார்க்கும் நேரம். அது ஒரு மணி நேரமோ ஒரு ஷிஃப்டோ. மூன்று நாள் மேஜை துடைக்க வைத்தால் அது வேலை, கூலி தர வேண்டும்.

அன்று மாலை சாப்பாட்டு மேஜையிலேயே கணக்குப் போட்டோம். அந்த ஆண்டு குறைந்தபட்சக் கூலி 24.10, கேஷுவலுக்கு 30.13. காபி போடும் கைக்கு அவார்டில் இன்னும் கொஞ்சம் மேலே வரும். அவார்டு என்றால் பரிசு அல்ல, ஒவ்வொரு தொழிலுக்கும் கூலியும் நேரமும் இடைவேளையும் எழுதி வைத்த சட்டப் பட்டியல். 120க்கும் மேல் இருக்கின்றன. சம்பளப் புகார்களைப் பார்க்கும் அரசு அலுவலகமான ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மனின் இணையதளத்தில் ஒரு கணக்குக் கருவி உண்டு. தொழில், வயது, நாள், நேரம் கொடுத்தால் மணிக்கூலியைச் சொல்லிவிடும். நாங்கள் தாழ்ந்த கணக்கே போட்டோம். வாரம் 16 மணி, 14 வாரம், 224 மணி. மணிக்கு 12.13 குறைவு. 2,717 டாலர். சூப்பர், அதாவது ஓய்வுக்காலத்துக்காக முதலாளி தன் கையிலிருந்து கட்ட வேண்டிய பணம், அப்போது முழுக் கூலியில் 11.5 சதவீதம், இன்னொரு 776 டாலர். இப்போது அது 12 சதவீதம் ஆகிவிட்டது. மாதம் 450 டாலருக்குக் கீழே சம்பாதித்தால் சூப்பர் இல்லை என்ற பழைய விதியும் 2022 ஜூலையில் போய்விட்டது. ஆனாலும் அதை இன்னும் சொல்லிக்கொண்டு திரியும் முதலாளிகள் இருக்கிறார்கள்.

பையன் தொகையைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான், "வேணாம் மாமா. அவர் என்னைத் தம்பி மாதிரிதான் பாத்துக்கறார்."

எனக்குக் கோபம் வந்தது, அவன் மேல் இல்லை. அந்தச் சொல்லின் மேல். அண்ணன் தம்பிக்கு இடையில் கணக்குப் பார்ப்பது அசிங்கம் என்று நம்மை வளர்த்திருக்கிறார்கள். முதலாளி தம்பி என்று கூப்பிட்ட அந்த நொடியிலேயே, கூலி கேட்பது நன்றிகெட்ட செயலாகிவிடுகிறது. வெள்ளைக்காரர் கடையில் ஏமாற்றினால் ஏமாற்று, நம்மவர் கடையில் ஏமாற்றினால் அனுசரிப்பு. இத்தனைக்கும் அண்ணன் தன் சொந்தத் தம்பிக்கு மணிக்கு 18 கொடுத்து மேஜை துடைக்க வைப்பாரா என்று யாரும் கேட்பதில்லை.

அவன் அனுப்பிய செய்தியை மூன்று முறை மாற்றி எழுதினோம். கடைசியில் மிரட்டல் எதுவும் இல்லாமல், தேதிகள், மணி நேரம், அவார்டின் பெயர், தொகை, பதினான்கு நாளில் பதில் என்று மட்டும் இருந்தது. அடியில் "நன்றி அண்ணா" என்று அவனே சேர்த்தான். நான் எடுக்கச் சொல்லவில்லை. முதலில் பதில் வரவில்லை. அப்புறம் போன் வந்தது, வருத்தமும் கோபமுமாக. "ஃபேமிலி மாதிரி நினைச்சேன்" என்றாராம். பையன் 13 13 94க்கு, அதுதான் ஆம்பட்ஸ்மன் அலுவலக எண், பேசி விவரம் கேட்டுக்கொண்டான். ஆங்கிலம் தடுமாறினால் 131 450 என்ற எண்ணில் அரசின் மொழிபெயர்ப்புச் சேவை தமிழிலேயே பேசி இணைத்து வைக்கும். அவன் அதன் பிறகு இரண்டாவது செய்தி அனுப்பினான். அதில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: தெரிந்தே கூலியைக் குறைப்பது 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து குற்றவியல் சட்டத்தில் வருகிறது. தெரியாமல் செய்த பிழைக்கு அது பொருந்தாது. ஆனால் தெரிந்த பிறகும் தராமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவரே யோசித்திருப்பார். பணம் இரண்டு தவணையாக வந்தது. வேலை போனது. வேறு கடையில் சேர்ந்துவிட்டான், அங்கே வியாழக்கிழமை தோறும் பேஸ்லிப் மின்னஞ்சலில் வருகிறது.

எல்லாம் இப்படி முடிவதில்லை. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், மேற்கில் ஒரு கிடங்கில் இரண்டு வருஷமாகக் கேஷுவல். வாரம் தவறாமல் ஒரே ஷிஃப்ட். ஒரு வெள்ளிக்கிழமை குறுஞ்செய்தி வந்தது, திங்கள் முதல் வர வேண்டாம் என்று. காரணம் இல்லை. எனக்குச் சொன்னபோது 34 நாள் ஆகியிருந்தது.

"ஏன் முதல்லயே சொல்லேல்ல?"

"அண்ணை, மனேஜர் நல்ல மனுசன். திரும்பக் கூப்பிடுவன் எண்டு சொன்னவர். நான் மெயில் போட்டுக்கொண்டே இருந்தனான்."

அவருக்கு உரிமை இருந்தது. ஒழுங்காகத் தொடர்ந்து வேலை செய்த கேஷுவலும், ஆறு மாதம் தாண்டியிருந்தால், நியாயமற்ற நீக்கம் என்று கேட்கலாம். 15 பேருக்குக் குறைவான சிறு நிறுவனம் என்றால் ஒரு வருஷம் தாண்டியிருக்க வேண்டும். ஆனால் விண்ணப்பம் ஃபேர் வொர்க் கமிஷனுக்கு 21 நாளில் போக வேண்டும். வேலை நாள் 21 அல்ல, சனி ஞாயிறு சேர்த்து. கெடுவை நீட்டுவதற்கு அசாதாரணமான காரணம் வேண்டும். சட்டம் எனக்குத் தெரியாது என்பது அந்தக் கணக்கில் வராது, மனேஜர் நல்ல மனுசன் என்பதும் வராது. நண்பர் விண்ணப்பித்துப் பார்த்தார். கிடைக்கவில்லை.

இங்கே ஒரு பொறி வேறு இருக்கிறது. ஃபேர் வொர்க் என்று நாம் ஒரே வாயில் சொல்வது இரண்டு அலுவலகம். சம்பளக் குறைவு, பேஸ்லிப், விடுப்புக்கெல்லாம் ஆம்பட்ஸ்மன். வேலையை விட்டு நீக்கினால் கமிஷன், அது நீதிமன்றம் மாதிரி. ஒரு கதவில் நின்றுகொண்டு இன்னொன்று திறக்கும் என்று காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சம்பளத்துக்கு ஆறு வருஷம், வேலைக்கு மூன்று வாரம். இந்தக் கெடு ரொம்பக் குறுகியது என்பது என் எண்ணம். வேலை போன முதல் வாரம் மனிதன் அழுகிறான், இரண்டாவது வாரம் வேலை தேடுகிறான், மூன்றாவது வாரத்தில்தான் கோபமே வருகிறது. ஆனால் அந்தக் கதவுக்குள் போய்விட்டால் உள்ளே அவ்வளவு பயமில்லை. பெரும்பாலும் முதலில் தொலைபேசியில் ஒரு சமரசப் பேச்சுதான், வக்கீல் கட்டாயமில்லை. விக்டோரியாவில் ஜாப்வாட்ச் என்ற இலவசச் சட்ட ஆலோசனை மையமும் உண்டு. யூனியனில் சேர்ந்திருந்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நம்மவர்கள் யூனியன் என்றால் கொடி, கோஷம் என்று ஒதுங்குகிறார்கள். ரஸ்ஸல் தெருவும் விக்டோரியா தெருவும் சேரும் முனையில், தொழிற்சங்கங்களின் கட்டடமான டிரேட்ஸ் ஹாலுக்கு எதிரே, மூன்று எட்டுகள் ஏறி நிற்கும் தூண் ஒன்று இருக்கிறது. 1856இல் மெல்பர்னின் கல் கொத்தர்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு நடந்து வாங்கிய எட்டு மணி நேர வேலையின் நினைவு. அந்தப் பக்கம் போகும் எங்கள் ஐடி நண்பர்கள் அதைக் கவனித்ததில்லை. இரவு பத்து மணிக்கு வரும் மேலாளரின் செய்திக்குப் பதில் போட்டுக்கொண்டே போவார்கள். வேலை நேரம் முடிந்த பிறகு வரும் அழைப்பை, மறுப்பது நியாயமில்லாத சூழல் தவிர, எடுக்காமல் இருக்கலாம் என்று 2024 ஆகஸ்டிலிருந்து சட்டமே சொல்கிறது. சொன்னால் சிரிக்கிறார்கள்.

வீட்டு வாடகையிலும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். விக்டோரியாவில் நாம் கொடுக்கும் பாண்ட் என்கிற முன்பணம் வீட்டுக்காரர் பையில் இருக்கக் கூடாது, அரசின் பாண்ட் ஆணையத்தில் கட்ட வேண்டும். கம்பளம் கறை, சுவரில் கீறல் என்று அவராகப் பிடித்துக்கொள்ள முடியாது. ஒத்துவராவிட்டால் விகேட் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நாங்கள் குடிபோன அன்றே ஒவ்வொரு அறையையும் புகைப்படம் எடுத்து வைத்தோம். மூன்று வருஷம் கழித்து அந்தப் படங்களை அனுப்பியதும் முகவரின் குரலே மாறிவிட்டது.

போன மாதம் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போயிருந்தோம். சாப்பாட்டு வரிசையில் பரிமாறிக்கொண்டிருந்தவர் என் பழைய முதலாளி. தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, நிஜமாகவே. "தம்பி! எப்படி இருக்கே? வீடெல்லாம் வாங்கிட்டியாமே." தட்டில் சாதத்தை வைத்தார். குனிந்து, குரலைத் தாழ்த்தினார். "கடைக்கு ஆளே கிடைக்க மாட்டேங்குதுப்பா. படிக்க வந்த பசங்க யாராவது தெரிஞ்சா அனுப்பேன். நம்ம பிள்ளை மாதிரி பாத்துக்கறேன்."

"மணிக்கு எவ்வளவு அண்ணா?" என்றேன்.

சிரித்தார். கரண்டியைச் சாம்பார் வாளியில் விட்டு அடியோடு கலக்கி, என் தட்டில் இரண்டு கரண்டி தாராளமாக ஊற்றிவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து "வாங்க, வாங்க" என்றார்.